பெட்டி ஒரிஜினல், உள்ளே பட்டை: கிட்டாருக்குப் பிக்கப் மாட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

வேலூர்ப் பக்கம் யாராவது அக்கூஸ்டிக் கிட்டாருக்குப் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) மாட்டும் யோசனையில் இருந்தால், பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு மொத்தம் 26,000 ரூபாய் போனது. பதினோரு வருஷமாகக் கூடவே இருக்கும் கிட்டாரின் அடிப்பக்கத்தில் ஒரு விரிசலும் விழுந்தது. பணத்தைக் கூட மறந்துவிடுவேன்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சனி, ஞாயிறுகளில் ரிசப்ஷன், பிறந்தநாள் என்று வாசிக்கப் போவேன். ஒரே ஆள், ஒரு கிட்டார், பழைய பாட்டுகள். இத்தனை நாளும் கிட்டாருக்கு முன்னால் ஒரு மைக் வைத்துத்தான் ஓட்டினேன். கொஞ்சம் திரும்பினால் சத்தம் போய்விடும். சவுண்டைக் கூட்டினால் மைக் கூவும். சரி, உள்ளேயே பிக்கப் வைத்துவிடலாம் என்று வேலூரில் ஒரு கடைக்குப் போனேன். கடை பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

கடைக்காரர் பெரியவர், பேச்சு தேன். "தம்பி, இது ஆக்டிவ் பிக்கப். ப்ரீஆம்ப் உள்ளயே வருது. மெட்ராஸ்ல பதினெட்டாயிரம், உனக்குப் பதினஞ்சு" என்று ஒரு பெட்டியைக் காட்டினார். ஆக்டிவ் என்றால் பிக்கப்பின் மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் ப்ரீஆம்ப் கிட்டாருக்குள்ளேயே பேட்டரியில் ஓடும். நல்ல பெட்டி, பேர்போன கம்பெனி. மாட்டும் கூலி 1,500. கூடவே 9,500 ரூபாய்க்கு ஒரு ஆம்ப்ளிஃபயர். முன்னால் "100 வாட்" என்று தங்க நிறத்தில் ஸ்டிக்கர். "கிட்டாரை விட்டுட்டுப் போ, சாயந்திரம் வா" என்றார். விட்டுவிட்டுப் போனேன். அங்கேதான் தப்பு செய்தேன். சாயந்திரம் வந்தபோது கடையில் கரண்ட் இல்லை. சத்தத்தைக் கேட்காமலே பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் சின்ன சவுண்டில் வைத்துப் பார்த்தபோது லேசாகச் சந்தேகம் வந்தது, புதுசு இல்லையா, பழகினால் சரியாகிவிடும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

அடுத்த வாரம் குடியாத்தத்தில் ரிசப்ஷன். மிக்சரில் வயரைச் சொருகி ஒரு கார்டு அடித்ததும் சவுண்டுகாரப் பையன் முகத்தைச் சுளித்தான்.

"இன்னாண்ணா, தகரத்த தட்டற மாதிரி கீது? பேஸே வர்ல."

பேஸைத் திருகினான். கிட்டார் வரவில்லை, கரண்ட் இரைச்சல்தான் வந்தது. "பேட்டரி வீக்கா இருக்கும், மாத்துண்ணா" என்றான். தந்திகளுக்கு இடையில் கையை நுழைத்துக் கழுத்துப் பக்கம் தடவினேன், ஓரமெல்லாம் தடவினேன். தலைமுடி மாதிரி ஒரு ஒற்றை வயர் மட்டும் ஜாக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. பேட்டரியும் இல்லை, ப்ரீஆம்ப்பும் இல்லை.

"உள்ள ஒண்ணுமே இல்லப்பா."

"அப்ப இன்னாத்துக்கு ஆக்டிவ்னு சொன்ன?"

அதற்கு நான் என்ன சொல்வது?

சரி, புது ஆம்ப் இருக்கிறதே என்று அதை என் முதுகுக்குப் பின்னால் வைத்து வாசித்தேன். ஐந்தாம் தந்தியைத் தொட்டதும் ஊளையிட ஆரம்பித்தது. முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில் பையன் ஒரு மைக்கைக் கிட்டாருக்கு முன்னால் நிறுத்தினான். பழையபடி அசையாமல் உட்கார்ந்து வாசித்து முடித்தேன்.

ஏன் அப்படி ஆனது என்பதை அப்புறம் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தந்திகள் ஏறி நிற்கும் சின்னக் கட்டைக்குச் சாடில் என்று பெயர், அதற்கு அடியில் வைக்கும் பட்டையைப் பீசோ என்கிறார்கள். தந்தி அழுத்தும்போது அதில் மெல்லிய மின்சாரம் உண்டாகும். அதை வாங்கிக்கொள்ளும் கருவியின் உள்தடை குறைந்தது 10 லட்சம் ஓம், அதாவது ஒரு மெகா ஓம் இருக்க வேண்டும். மிக்சரின் லைன் துளையில் பெரும்பாலும் பத்தாயிரம், இருபதாயிரம் ஓம்தான் இருக்கும். நேரே அதில் சொருகினால் கீழ்ச்சுரமெல்லாம் வடிந்துபோய் மேலே உள்ள கீச்சு மட்டும் மிஞ்சும். தகரச் சத்தம் அதுதான். நடுவில் ப்ரீஆம்ப்போ, கிட்டாரை மிக்சருக்கு ஒத்துப்போகச் செய்யும் ஆக்டிவ் டிஐ பாக்ஸோ இருந்தால் இந்தப் பிரச்சினை வராது.

ஆம்ப் கதை வேறு. எனக்கு விற்றது எலெக்ட்ரிக் கிட்டாருக்கு உண்டானது. அந்த ஸ்பீக்கரில் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் வராது, அதனால் அக்கூஸ்டிக்கின் பளபளப்பு போய்விடும். ஊளைக்குக் காரணம் கிட்டாரின் வயிறு. பெரிய உடம்புள்ள கிட்டார்களில் உள்ளிருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் வாக்கில் அதிரும். ஐந்தாம் தந்தி 110. பின்னாலிருந்து ஸ்பீக்கர் அடிக்க, வயிறு அதிர, பிக்கப் அதையே திரும்ப எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். துவாரத்துக்கு ரப்பர் மூடி, ஆம்ப்பில் சத்த அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பட்டன், ஊளையிடும் சுரத்தை மட்டும் குறைக்கும் நாட்ச் ஃபில்டர் எல்லாம் இதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். என் ஆம்ப்பில் ஒன்றும் கிடையாது. இன்னொன்று, பின்பக்கத் தகட்டில் "230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 35 வாட்" என்று போட்டிருந்தது. 35 வாட் கரண்ட் இழுக்கிற பெட்டி எப்படி ஐயா 100 வாட்டைத் தொடர்ந்து வெளியே தள்ளும்? நான் கணக்கு எழுதுகிறவன் வேறு. வெட்கக்கேடு.

மறுவாரம் காட்பாடியில் ரயிலேறி, சென்னையில் கிட்டார் ரிப்பேர் செய்பவர் ஒருவரிடம் போனேன். தந்தியைத் தளர்த்திச் சாடிலை உருவினார். அடிப்பாகத்தைக் கையாலேயே தேய்த்திருந்தார்கள், ஒரு முனை உருண்டிருந்தது. அதனால்தான் முதல் இரண்டு தந்திகளுக்குச் சத்தமே இல்லை. அந்தப் பள்ளத்தைச் சரிக்கட்ட அட்டைத்துண்டு ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். எடுத்துப் பிரித்துப் பார்த்தால், அதே கடையின் விசிட்டிங் கார்டு. பட்டையைப் பார்த்து, "இது முந்நூறு ரூபாய் சமாச்சாரம் சார்" என்றார். ஜாக்குக்கு 12 மில்லிமீட்டர் வாக்கில் ஓட்டை வேண்டும். ரீமரால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்க வேண்டியதை டிரில்லை வைத்து ஒரே மூச்சில் போட்டிருக்கிறார்கள். மரம் பிளந்துவிட்டது. ஒட்டித் தர 2,800 ஆனது.

இப்போது பிரிட்ஜுக்கு, அதாவது சாடில் உட்காரும் மரத்துண்டுக்கு, அடியில் உள்பக்கமாக மூன்று வில்லைகளை ஒட்டும் வகையை மாட்டியிருக்கிறேன். இதற்கும் பேட்டரி கிடையாது, தரையில் தனி ப்ரீஆம்ப். பேட்டரி இல்லாததே குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். பேட்டரி இல்லாததை ஆக்டிவ் என்று விற்றதுதான் குற்றம். துவாரத்தில் மாட்டும் காந்த வகை சுலபம், மரத்தைத் தொட வேண்டாம், ஆனால் நைலான் தந்திக்கு வேலை செய்யாது. எதை வாங்கினாலும் பெட்டியை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். மாட்டியபின் ஆறு தந்தியையும் தனித்தனியாக, நிகழ்ச்சியில் வைக்கும் அளவு சவுண்டில் அடித்துப் பாருங்கள். கரண்ட் இல்லையென்றால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

எனக்குக் கிடைத்தது பில் இல்லை, "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு. சீரியல் நம்பர் இல்லை. ஜிபேயில் பணம் போனதும் கடை பெயருக்கு இல்லை, யாரோ ஒருவர் பெயருக்கு. திருப்பிக் கேட்கப் போனால், "வெளியாள் கழட்டிட்டான், இனிமே நான் பொறுப்பில்ல" என்றார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே நியாயமற்ற வணிகம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டுப் பதிவு செய்ததும் கடையிலிருந்து ஆள் வந்து ஆம்ப்பை எடுத்துக்கொண்டு 6,000 கொடுத்தார். பிக்கப்புக்கு இன்னும் பதில் இல்லை. ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடை பெயரைக் கேட்டு மெசேஜ் அனுப்ப வேண்டாம். அந்த கார்டுத் துண்டு கிட்டார் பெட்டியில்தான் இருக்கிறது, மனுவோடு வைக்க வேண்டும்.