5 வாட் பல்புக்கு 11,400 ரூபாய்: பேட்டரிக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி படிங்க

11,400 ரூபாய். பேட்டரி 5,600, ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்றது) டயோடு பிளேட் 3,900, "வயரிங் செக்கிங்" 1,900. அத்தனையும் போனது டிக்கிக்குள்ள யாருக்கும் தெரியாம எரிஞ்சுக்கிட்டிருந்த ஒரு 5 வாட் பல்பால. நேத்து ராத்திரிதான் பிடிபட்டுது. ஆத்திரம் இன்னும் அடங்கல, எழுத்து முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. கடை பேரு போடல. பேட்டரி வித்துக்கிட்டே கார் எலக்ட்ரிகல் வேலையும் பாக்கிற, பெரிய போர்டு வச்ச கடைன்னு வச்சுக்கோங்க. நிறுத்தி வச்ச வண்டியில கரண்ட் எங்க இறங்குதுன்னு கண்டுபிடிக்கிற வழியையும் கடைசியில முழுசா சொல்றேன்.

வண்டி 7 வருஷப் பெட்ரோல் ஹேட்ச்பேக், 35 ஏ.எச். பேட்டரி (ஏ.எச்.னா ஆம்பியர்-அவர், பேட்டரியில எவ்வளவு கரண்ட் தேங்கும்ங்கிற அளவு). தினமும் ஓட்டினா ஒண்ணும் தெரியாது. ரெண்டு நாள் நின்னா செல்ஃப் எடுக்காது, 'டக் டக்'னு சத்தம் மட்டும். பேட்டரிக்கு வயசு 25 மாசம். 36 மாச வாரண்டியில இன்னும் 11 மாசம் பாக்கி. கார்டை எடுத்து நீட்டினா, "அது ப்ரோ-ரேட்டா சார் (பாக்கி மாசத்துக்கு ஏத்த தள்ளுபடி மட்டும்), கம்பெனிக்கு அனுப்பினா மூணு வாரம் இழுப்பான். நானே டிஸ்கவுண்ட் போட்டுத் தர்றேன், வண்டி இன்னைக்கே ரெடி"ன்னாரு. அந்த டிஸ்கவுண்ட் எந்த வரியிலன்னு இன்னும் தேடிக்கிட்டிருக்கேன். பழைய பேட்டரியையும் அவங்களே வச்சுக்கிட்டாங்க. ஈயத்துக்குன்னு ஒரு விலை இருக்கே, அதுவும் கழிக்கல.

நம்பி ஏமாந்த இடம் எதுன்னா, அந்தச் சீட்டு. பையன் வந்தான், கையடக்க டெஸ்டரோட ரெண்டு கிளிப்பை டெர்மினல்ல மாட்டினான், பட்டனை நாலு தடவை அமுக்கினான். 'பீப்'. பஸ் டிக்கெட் மாதிரி ஒரு சீட்டு வெளிய வந்துச்சு. பெரிய எழுத்துல 'ரீப்ளேஸ் பேட்டரி'. ஆள் சொன்னா சண்டை போடலாம், மெஷினே சொல்லும்போது? தலையை ஆட்டியாச்சு.

வீட்டுக்கு வந்து அதே சீட்டை வெளிச்சத்துல பாத்தா, 'ரேட்டட்'னு (கம்பெனி சொன்ன அளவு) இருக்கிற இடத்துல 500 சி.சி.ஏ., அதாவது குளிர்லயும் செல்ஃப் எடுக்க பேட்டரி கொடுக்க வேண்டிய ஆம்ப். நம்ம பழைய பேட்டரி ஸ்டிக்கர்ல (போன்ல போட்டோ இருக்கு) 300. அந்த டெஸ்டர் பேட்டரியால எவ்வளவு கொடுக்க முடியும்னு கணிச்சு, நாம அடிக்கிற எண்ணோட ஒப்பிட்டுத்தான் தீர்ப்பு சொல்லும். 300 பேட்டரிக்கு 500னு அடிச்சா, கடையில பிரிக்காம இருக்கிற புது பேட்டரியும் ஃபெயில்தான். அதே சீட்டுல வோல்ட் 11.8. அவ்வளவு இறங்கின பேட்டரியை முழுசா சார்ஜ் ஏத்தி, சும்மா நிக்கும்போது 12.6 வந்த பிறகுதான் டெஸ்ட் பண்ணணும். தினமும் இதே வேலையா இருக்கிறவங்களுக்கு இது தெரியாதா?

அடுத்தது ஆல்டர்னேட்டர். "டயோடு லீக் அடிக்குது சார், அதை விட்டுட்டுப் புதுசு போட்டா புதுசும் போயிடும்." இதுல பாதி உண்மை. ஆல்டர்னேட்டர்லேருந்து தடி ஒயர் நேரா பேட்டரிக்குப் போகுது, டயோடு கரண்டை ஒரு பக்கமா மட்டும்தான் விடணும், அது லீக் ஆனா நிக்கிற வண்டியில கரண்ட் இறங்கத்தான் செய்யும். ஆனா அதைச் சொல்ல ஒரு சோதனை இருக்கு. மீட்டரை ஆம்ப்ஸ்ல வச்சு நெகட்டிவ் கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவுல மாட்டணும். நெகட்டிவைக் கழட்டி வச்சுட்டு அந்தத் தடி ஒயரை ஆல்டர்னேட்டர்ல எடுத்து, நுனியில டேப் சுத்தி, மறுபடி அளக்கணும். அளவு விழுந்தா டயோடு. இவங்க ஒரு தடவைகூட ஆம்ப்ஸ் பாக்கல. தெர்மாமீட்டர் வைக்காமலே 104 டிகிரி காய்ச்சல்னு ஊசி போட்ட மாதிரி. 3,900 வாங்கிட்டு டயோடு பிளேட் மாத்தினதா சொன்னாங்க. ஆல்டர்னேட்டர் பின்மூடி நட்டுல 7 வருஷ மண்ணு அப்படியே அப்பிக்கிட்டிருக்கு. ஸ்பானர் பட்ட தடமே இல்ல.

வியாழக்கிழமை ராத்திரி நிறுத்தின வண்டி ஞாயித்துக்கிழமை காலையில செத்துக் கிடந்துச்சு. புது பேட்டரியில மீட்டர் வச்சா 11.4 வோல்ட். பர்ஸ்லயும் 11.4 ஆயிரம் காலி, என்ன பொருத்தமோ.

போன் பண்ணினா, "ஓட்டாம வச்சா இப்படித்தான் சார், தினமும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க." நல்லா இருக்கிற வண்டி நிக்கும்போது 20லேருந்து 50 மில்லி ஆம்ப் இழுக்கும். 50னே வச்சாலும் ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச். அந்தக் கணக்குல 35 ஏ.எச். பேட்டரி ரெண்டு வாரம் நின்னாலும் செல்ஃப் எடுக்கணும். ரெண்டரை நாள்ல சாகாது. இதைச் சொன்னதும் "வயரிங் பாத்த பையன் லீவு, புதன்கிழமை வாங்க." புதன்கிழமை போனா, "எங்ககிட்ட இருந்தப்ப சரியாத்தான் இருந்துச்சு. டீப் டிஸ்சார்ஜுக்கு (சார்ஜ் அடிவரைக்கும் இறங்கிப்போறது) வாரண்டி வராது." போட்டு ஒரு வாரம் ஆகாத பேட்டரிக்கு, வித்தவரே சொல்றாரு! கழட்டின டயோடு பிளேட்டைக் காட்டுங்கன்னா "ஸ்கிராப்ல போட்டாச்சு." பில் கேட்டா, "அதான் எஸ்டிமேட் குடுத்தோமே சார்." ஜி.எஸ்.டி. எண் இல்லாத மஞ்சத்தாள், 11,400னு கையால எழுதினது.

அப்புறம்தான் 650 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர். முதல் நாளே வாங்கியிருக்கணும்.

பேட்டரியை சார்ஜர்ல ராத்திரி முழுக்க ஏத்தியாச்சு. டிரைவர் கதவைத் திறந்து வச்சு, கதவுப் பூட்டை ஸ்க்ரூடிரைவரால மூடின நிலைக்குத் தள்ளியாச்சு, ஃபியூஸ் பாக்ஸைத் தொட வசதியா. டிக்கியை நிஜமாவே மூடியாச்சு. நெகட்டிவ் கேபிளை 10 நம்பர் ஸ்பானர்ல கழட்டி (பாசிட்டிவைக் கழட்டப் போய் ஸ்பானர் பாடியில பட்டா பொறி பறக்கும்), மீட்டரோட சிவப்பு ஒயரை 10 ஆம்ப் ஓட்டையில சொருகி, ரெண்டு முனையையும் கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவுல கிளிப் போட்டாச்சு. முதல்ல 2.3 ஆம்ப். பயப்பட வேண்டாம், வண்டியில இருக்கிற கம்ப்யூட்டருங்க தூங்கப் போக நேரம் எடுக்கும், சில வண்டியில அரை மணிக்கு மேலயும். 25 நிமிஷத்துல 0.44க்கு வந்து அங்கயே நின்னுடுச்சு. ஒரு நாளைக்கு 10 ஏ.எச்.சுக்கு மேல. ரெண்டரை நாள்ல வண்டி ஏன் செத்துச்சுன்னு கணக்கு நேராயிடுச்சு.

ஒவ்வொரு ஃபியூஸா பிடுங்கினா, ஸ்டீரியோ அசையல, ஹாரன் அசையல, சென்ட்ரல் லாக் அசையல. 'ரூம்'னு எழுதின 10 ஆம்ப் ஃபியூஸைப் பிடுங்கினதும் 0.02, அதாவது 20 மில்லி ஆம்ப். அந்த லைன்ல மூணு பல்பு: கூரை, கிளவ் பாக்ஸ், டிக்கி. முதல் ரெண்டும் அணைஞ்சிருக்கிறது கண்ணுக்கே தெரியுது. ஃபியூஸைத் திரும்பச் சொருகி, போனை வீடியோவுல போட்டு டிக்கிக்குள்ள வச்சு மூடி, அரை நிமிஷம் கழிச்சு எடுத்துப் பாத்தா, இருட்டாக வேண்டிய இடத்துல ஸ்டெப்னியும் ஜாக்கியும் பளிச்சுன்னு மஞ்சளா தெரியுது. பல்பைத் தொட்டா விரல் சுடுது. டிக்கி ஓரத்துல இருக்கிற அமுக்கு சுவிட்சோட ரப்பர் மூக்கு தேஞ்சுபோய், கதவு மூடினாலும் சுவிட்ச் முழுசா உள்ள போகல. மேல பார்சல் டிரே மூடியிருக்கிறதால ராத்திரியில வெளியிலேருந்தும் வெளிச்சம் தெரியாது. 5 வாட்டை 12ஆல வகுத்துப் பாருங்க, 0.42. பல்பைக் கழட்டினதும் மீட்டர்ல 0.02. செலவு பூஜ்யம்.

முழுசா எழுதுறேன்னு சொன்னேன், இப்ப மணி ஒண்ணு. அவசரத்துக்கு இது போதும். ஆம்ப்ஸ்ல மீட்டர் இருக்கும்போது சாவியைத் திருப்பிடாதீங்க, செல்ஃப் மோட்டார் நூறு ஆம்புக்கு மேல இழுக்கும், மலிவு மீட்டர்ல ஃபியூஸே இல்லாம ஒயர் கருகும். கீலெஸ் சாவியைத் தூரமா வைங்க, பக்கத்துல இருந்தா வண்டி முழிச்சுக்கும். வெளியில போட்ட ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, டேஷ்கேம், ஜி.பி.எஸ். இருந்தா அதைத்தான் முதல்ல சந்தேகப்படணும். ஸ்டீரியோவோட மஞ்சள் ஒயரையும் சிவப்பு ஒயரையும் சேத்து முறுக்கி, சாவியை எடுத்தாலும் நிக்காத நேர் கரண்ட்ல விட்டுட்டுப் போறவங்க நிறைய. "எத்தனை மில்லி ஆம்ப்?"னு கேளுங்க, பதில் சொல்லத் தெரியாத கடையில பானட்டைத் திறக்காதீங்க. கழட்டின பார்ட்டைக் கையில வாங்காம காசு கொடுக்காதீங்க.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் போட்டாச்சு. 11,400 வருமான்னு பாக்கணும். டெஸ்டர் சீட்டு கொடுத்தா உடனே போட்டோ எடுத்துடுங்க, அது தெர்மல் பேப்பர். டேஷ்போர்டு மேல வெயில்ல கிடந்ததுல என்னோடது பாதி வெளுத்துப்போச்சு. அந்த 500 மட்டும் இன்னும் தெரியுது.