வெட்டச் சொன்னால் இழுக்கிறார்கள்: நாகர்கோவில் ஸ்டுடியோ அனுபவம்

"அண்ணே, சதுரம்தானே வேணும்? இப்பம் ஆக்கித் தாறேன்" என்று ஸ்டுடியோ தம்பி சொன்னபோதே உஷாராகியிருக்க வேண்டும். பிள்ளையின் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) விண்ணப்பத்துக்கு 51க்கு 51 மில்லிமீட்டர் படம் கேட்டால், பாஸ்போர்ட்டுக்கென்று ஏற்கெனவே வெட்டி வைத்த 35க்கு 45 படத்தைத் திறந்து, அகலத்தை மட்டும் பிடித்து இழுத்துவிட்டார். 35-ஐ 45 ஆக்கினால் முகம் ஏறக்குறைய 29 சதவீதம் அகலமாகும். ஆறு வயதுப் பிள்ளை பல்வலிக்காரனைப் போல ஆகிவிட்டான். அதையே 8 காப்பி போட்டு, ஓரம் நறுக்கி, கவரில் வைத்தும் தந்தாயிற்று.

பாஸ்போர்ட் சைசில் முகமே படத்தை நிறைத்திருக்கும். பக்கவாட்டில் இடமே மிச்சமிருக்காது. அதில் சதுரம் வெட்டினால் 35க்கு 35தான் தேறும். உச்சந்தலையோ நாடியோ போய்விடும். 300 டிபிஐயில், அதாவது இஞ்சுக்கு 300 புள்ளி என்ற கணக்கில், அந்த அகலம் 413 பிக்சல். 2 இஞ்சு சதுரத்துக்கு 600 வேண்டும். ஆகவே கேமரா கார்டில் உள்ள முழுப் படத்துக்குத்தான் போக வேண்டும். போட்டோஷாப் கிராப் டூலில் அகலம் 2 இஞ்சு, உயரம் 2 இஞ்சு, ரெசல்யூஷன் 300 என்று முதலில் அடித்துவிட்டுச் சட்டத்தை நகர்த்தினால் விகிதம் மாறாது. ஓசிஐ கையெழுத்துப் படம் வேறு கதை: அகலம் உயரத்தைப் போல 3 மடங்கு.

அமெரிக்க விசாவுக்கு என்றால் நாடியிலிருந்து உச்சி வரை படத்தின் உயரத்தில் 50 முதல் 69 சதவீதம் இருக்க வேண்டும். கண்கள் கீழ்விளிம்பிலிருந்து 56 முதல் 69 சதவீதத்துக்குள். பைல் 240 கேபியைத் தாண்டக் கூடாது. வாட்ஸப்பில் வாங்கினால் டாகுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக வந்தால் பிக்சல் சுருங்கும். முகத்தை மழமழவென்று வெளுப்பாக்கி மச்சத்தை எடுப்பதையும் முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். அவர்கள் அதை இலவச உபசாரமாக நினைக்கிறார்கள்!

அமெரிக்காவில் மருந்துக்கடை கவுண்டரில் 2 படத்துக்கு 15 டாலருக்கு மேல் கறந்துகொண்டு அளவை மட்டும் சரியாகத் தருவார்கள். பவுடர் டப்பா, பல்லு போன சீப்பு, "நாடியைக் கொஞ்சம் தாழ்த்துங்க" என்கிற குரல், இதெல்லாம் அங்கே ஏது?

கன்னியாகுமரி படகுத்துறையில் சிலையைப் பின்னால் வைத்து எடுத்த படங்களும் பிரிண்ட் போடும் லேபில் அடி வாங்கின. மொபைல் படம் 4:3; 4க்கு 6 இஞ்சுப் பேப்பர் 3:2. நெட்டைப் படத்தில் இரு ஓரமுமாகச் சேர்ந்து 9-ல் ஒரு பங்கு போகும். வரிசையின் கடைசியில் நின்ற அத்தைக்குப் பாதி முகம்தான் மிஞ்சியது. அதே படத்தை 8க்கு 10 பிரேமுக்குக் கொடுத்தால் மேலும் கீழுமாக 16-ல் ஒரு பங்கு. பீடத்தோடு 133 அடிச் சிலையைப் படம் நிறைய எடுத்திருந்தால் எட்டடி காலி. "பில் (fill, பேப்பரை நிறைப்பது) வேண்டாம், பிட் (fit, முழுப் படத்தையும் அடக்குவது) போடுங்க" என்றால் வெள்ளை ஓரத்தோடு முழுசாக வரும்.

தம்பி நல்லவேளையாகக் கார்டை அழித்திருக்கவில்லை. நாலு நிமிஷத்தில் சரியான சதுரம் வந்தது, இரண்டாவது பிரிண்டுக்குக் காசு வாங்கவில்லை. முதல் கவரைத் திருப்பிக் கேட்டார். ஆச்சி கொடுக்கவில்லை.

"கெடக்கட்டும் மக்கா, கன்னம் நெறஞ்சுல்லா இருக்கு."