என்விடியா, ஏஎம்டி, சொந்தச் சிப்: ஜிபியு சந்தையில் யாருக்கு யார் போட்டி?

ஜிபியு (கேம்களின் படங்களை வரையவும், இப்போது ஏஐ கணக்குகளைப் போடவும் பயன்படும் சிப்) என்றதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, என்விடியாவா ஏஎம்டியா என்பதுதான். கேம் விளையாட ஒரு கார்டு வாங்கப்போகிறவருக்கு அது சரியான கேள்வி. ஆனால் இந்தத் துறையின் பணம் இப்போது அங்கே இல்லை. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்த வருவாய் 13,050 கோடி டாலர். அதில் கேமிங் பிரிவு ஈட்டியது சுமார் 1,135 கோடி. ஏஐ வேலைக்கான சர்வர்கள் குவிந்த டேட்டா சென்டர்களுக்கு விற்கும் பிரிவு ஈட்டியது 11,500 கோடிக்கும் மேல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மொத்த வருவாயே 2,700 கோடியைத் தொடவில்லை. கேமிங் ஒன்றும் படுத்துவிடவில்லை. அதுபாட்டுக்கு மெதுவாக வளர்ந்தது. பக்கத்தில் முளைத்தது அதைப்போலப் பத்து மடங்காகிவிட்டது, அவ்வளவுதான்.

எனவே இந்த அலசலில் கேமிங்கைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, டேட்டா சென்டரை நிரப்பப் பணத்தோடு வருபவர் முன்னால் உள்ள மூன்று வழிகளை முதலில் பார்க்கலாம்: என்விடியா, ஏஎம்டி, அல்லது தனக்கென்று ஒரு சிப்பைத் தானே வடிவமைத்துக்கொள்வது. இதில் மூன்றாவது வழிதான் என்விடியாவுக்கு உண்மையான தலைவலி என்பது என் கணிப்பு.

அதற்கு முன், இந்தத் தேவை எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். ஜிபியுவுக்கு அலை அடிப்பது புதிதல்ல. கணக்குப் போட்டுக் கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனிங்கால் 2017இலும் 2021இலும் கார்டுகள் கிடைக்காமல் போயின. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நெட்வொர்க், பரிமாற்றங்களைச் சரிபார்க்கும் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அந்த நெட்வொர்க்கில் மைனிங் ஒரே நாளில் முடிவுக்கு வந்தது. பழைய கார்டுகள் விற்பனைக்குக் குவிந்தன. அன்று வாங்கியவர்கள் உலகெங்கும் சிதறிக் கிடந்த சின்னச் சின்ன ஆட்கள். இன்று நிலைமை தலைகீழ். என்விடியாவின் டேட்டா சென்டர் வருவாயில் ஏறக்குறைய பாதி பெரிய கிளவுட் நிறுவனங்களிடமிருந்தே வருகிறது. விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய வாடிக்கையாளர்கள். ஒவ்வொருவரிடமும் பணம் இருக்கிறது, பொறியாளர்கள் இருக்கிறார்கள், சிப் வடிவமைக்கும் குழுவும் இருக்கிறது. இப்படிப்பட்டவர்களை எந்த விற்பனையாளரும் நிம்மதியாக நம்பியிருக்க முடியாது.

சரி, முதலில் என்விடியாவையும் ஏஎம்டியையும் வைத்துப் பார்ப்போம்.

அளவுகளை மட்டும் வரிசைப்படுத்தினால் ஏஎம்டி ஜெயித்திருக்க வேண்டும். 2022இல் அறிமுகமான என்விடியாவின் எச்100 சிப்பில் 80 ஜிபி மெமரி, நொடிக்கு 3.35 டெராபைட் வேகம். 2023 டிசம்பரில் வந்த ஏஎம்டியின் எம்ஐ300எக்ஸில் 192 ஜிபி, நொடிக்கு 5.3 டெராபைட். இருந்தும் 2024 முழுவதும் ஏஎம்டியின் இந்த வகைச் சிப்கள் விற்றது 500 கோடி டாலருக்குச் சற்று மேல். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

காரணம் சாஃப்ட்வேர் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். என்விடியாவின் சிப்களுக்கு நிரல் எழுத உதவும் குடா 2007இலேயே வெளிவந்துவிட்டது. 2012இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் மற்றவர்களைத் தூக்கி அடித்த அலெக்ஸ்நெட் என்ற ஏஐ மாடல்கூட, கேமர்கள் வாங்கும் இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளில் குடாவைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டதுதான். அதற்கு ஈடான ஏஎம்டியின் ராக்எம் 2016இல்தான் வந்தது. ஏஐ மாடல்களை உருவாக்க உதவும் பைடார்ச் கருவியில் எழுதிய நிரல் இரண்டிலும் ஓடும் என்பது சரியே. ஆனால் ஓடுவது வேறு, முழு வேகத்தில் ஓடுவது வேறு. சிப்பின் ஒவ்வொரு மூலையையும் பிழிந்தெடுக்கும் அடிமட்ட நிரல்களை உலகம் ஆண்டுக்கணக்கில் என்விடியாவுக்காகவே எழுதிக் குவித்திருக்கிறது.

சாஃப்ட்வேரைவிடக் குறைவாகப் பேசப்படுவது வயரிங். பெரிய மாடல் ஒன்றைப் பயிற்றுவிக்க ஆயிரக்கணக்கான சிப்கள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று தாமதித்தால் மற்றவை கைகட்டி நிற்கும். 2020இல் நெட்வொர்க் கருவிகள் செய்யும் மெல்லனாக்ஸை என்விடியா சுமார் 700 கோடி டாலருக்கு வாங்கியபோது அது ஓரமான செய்தியாகவே போனது. இன்று 72 ஜிபியுக்களை ஒரே ரேக்கில் பிணைத்து, ஒற்றை இயந்திரம்போல விற்கிறார்கள். ஏஎம்டியின் எம்ஐ300எக்ஸ் எட்டு எட்டாகத்தான் அப்படிப் பிணைந்தது. பயிற்சியில் ஏஎம்டி பின்தங்கியதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம் என்பேன்.

ஆனால் பயிற்சி முடிந்த மாடலை மக்களுக்காக ஓட்டுவது வேறு கணக்கு. மெட்டாவின் லாமா 3.1 வரிசையின் பெரிய மாடலில் 40,500 கோடி அளவுருக்கள், அதாவது மாடல் கற்றதைத் தாங்கும் எண்கள். ஒன்றுக்கு இரண்டு பைட் என்றால் 810 ஜிபி. எட்டு எச்100 உள்ள சர்வரில் மொத்தமே 640 ஜிபி; அப்படியே கொள்ளாது. எண்களின் துல்லியத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது சர்வர் வேண்டும். எட்டு எம்ஐ300எக்ஸில் 1,536 ஜிபி இருப்பதால் தாராளமாக அடங்கிவிடும். மெட்டா அந்த மாடலை எம்ஐ300எக்ஸில் ஓட்டியது சும்மா இல்லை. ஆக, மாடலை உருவாக்க என்விடியா, உருவான மாடலை ஓட்டிக் காசு பார்க்க ஏஎம்டியையும் விலை கேட்டுப் பார்ப்பது என்பது நியாயமான முடிவு. என்விடியாவும் தூங்கவில்லை, எச்200இல் மெமரியை 141 ஜிபியாக உயர்த்தியது.

இப்போது மூன்றாவது வழி. கூகுள் தன் டிபியு சிப்களை 2015 முதலே தனக்குள் பயன்படுத்தி வருகிறது. வெளியே சொன்னது 2016இல். கிராபிக்ஸ் வேலை எதையும் அது செய்யாது. ஏஐ மாடல்களின் அடிப்படைக் கணக்கான அணிப் பெருக்கலை மட்டும் அசுர வேகத்தில் செய்யும்படி வார்த்தெடுத்த சிப் அது. 2025இல் அறிவித்த அயர்ன்வுட் தலைமுறையில் ஒரு சிப்புக்கு 192 ஜிபி மெமரி; ஒரே தொகுப்பில் 9,216 சிப்கள் வரை இணைக்கலாம். அமேசானுக்கு டிரெய்னியம் இருக்கிறது. மெட்டாவும் மைக்ரோசாஃப்டும் தங்களுக்கென்று செய்துகொள்கின்றன.

ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? என்விடியாவின் மொத்த லாப விகிதம் சுமார் 75 சதவீதம். அதாவது நூறு டாலருக்கு விற்கும் பொருளின் உற்பத்திச் செலவு இருபத்தைந்து. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கோடி டாலர் செலவழிக்கும் ஒருவர் அந்த மீதி எழுபத்தைந்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? அந்த விகிதம்தான் போட்டியாளர்களை வளர்க்கிறது.

ஆனாலும் இந்த வழி எல்லோருக்கும் அல்ல. ஒரு சிப்பை வடிவமைத்து உற்பத்திக்குக் கொண்டுவரச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் மாடல்களின் அமைப்பே மாறிவிடலாம். தேடல், விளம்பரம், வீடியோ என்று தன் கையிலேயே நிலையான வேலை வைத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான் கணக்கு சரிப்படும். புதிதாக எதையாவது சோதித்துக்கொண்டே இருப்பவருக்கு, எதைக் கொடுத்தாலும் ஓட்டும் ஜிபியுதான் பாதுகாப்பு.

இன்னொன்று. எந்தச் சிப்பைத் தேர்ந்தெடுத்தாலும் நிற்கப்போவது ஒரே வரிசையில்தான். என்விடியா, ஏஎம்டி, கூகுள் மூன்றுமே சிப்பைத் தயாரிக்கத் தைவானின் டிஎஸ்எம்சியிடம்தான் போகின்றன. 2023இல் எச்100 தட்டுப்பாடு வந்தபோது இறுக்கிப் பிடித்தது சிப் தயாரிப்பைவிட, சிப்பையும் மெமரியையும் ஒன்றாகப் பொருத்தும் கோவாஸ் என்ற பேக்கேஜிங் கட்டம். அதற்கான அடுக்கு மெமரியைச் செய்வதும் முக்கியமாக மூன்றே நிறுவனங்கள்: எஸ்கே ஹைனிக்ஸ், சாம்சங், மைக்ரான். லாபம் அந்தப் பக்கம் இருப்பதால் மைக்ரான் 2025 டிசம்பரில், சாதாரண வாடிக்கையாளருக்கான தன் குரூஷியல் வணிகத்தையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது.

இந்தத் தேவை எவ்வளவு உண்மை என்ற சந்தேகம் எனக்கு உண்டு. 2025 ஜனவரி 27 அன்று, சீனாவின் டீப்சீக் நிறுவனம் குறைந்த செலவில் நல்ல மாடல் செய்துவிட்டது என்ற செய்தியால் என்விடியாவின் சந்தை மதிப்பு ஒரே நாளில் 59,000 கோடி டாலர் அளவுக்குச் சரிந்தது. அந்தப் பயம் பலிக்கவில்லை. ஆர்டர்கள் தொடர்ந்து வந்தன. எனக்கு உறுத்துவது வேறு. அதே ஆண்டு செப்டம்பரில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயில் 10,000 கோடி டாலர் வரை முதலீடு செய்ய விரும்புவதாக என்விடியா அறிவித்தது. அக்டோபரில் ஏஎம்டி, 6 கிகாவாட் மின்சாரம் இழுக்கும் அளவுக்குச் சிப்கள் தர ஒப்புக்கொண்டு, கூடவே 16 கோடி பங்குகள் வரை ஓப்பன்ஏஐக்குக் கிடைக்கும்படி ஏற்பாடு செய்தது. வாங்குபவர் கையில் விற்பவரே பணத்தைக் கொடுப்பதுபோல இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் தொலைத்தொடர்புக் கருவி நிறுவனங்களான லூசன்ட்டும் நார்டெலும் தங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கடன் கொடுத்துக் கருவிகளை விற்ற கதை ஞாபகம் வராமல் இல்லை. அன்று கடன் வாங்கியவை பலவீனமான கம்பெனிகள். இன்று பெரும்பகுதியை வாங்குபவை கொழுத்த லாபம் பார்ப்பவை. அந்த வித்தியாசம் பெரியது. எனவே எல்லாம் குமிழி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இத்தகைய ஒப்பந்தங்களின் தொகையை அப்படியே தேவை என்று கூட்டிக்கொள்ளவும் மாட்டேன்.

கடைசியாகக் கேமிங். உச்சத்தில் போட்டியே இல்லை: 32 ஜிபி கொண்ட என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 அறிவிப்பு விலையே 1,999 டாலர், எதிரே நிற்க யாருமில்லை. ஏஎம்டி அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, 16 ஜிபி ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டியை 599 டாலருக்கு அறிவித்தது. நடுத்தர விலையில் என் தேர்வு அதுதான். இன்னும் கீழே, 12 ஜிபி கொண்ட இன்டெல் ஆர்க் பி580 249 டாலர் என்று வந்தபோது மூன்றாவது ஆள் கிடைத்துவிட்டார் என்று தோன்றியது. ஆனால் 2025 செப்டம்பரில் என்விடியா இன்டெலில் 500 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது. இன்டெல் சிபியுவோடு என்விடியாவின் கிராபிக்ஸைச் சேர்த்த சிப்களும் வரப்போகின்றன. அதற்குப் பிறகும் இன்டெல் ஆர்க் கார்டுகளை அதே வேகத்தோடு தொடரும் என்று நான் நம்பவில்லை.