பழைய சி-10 டிரக்கில் எஞ்சின் மவுண்டும் கிளட்ச் லிங்கேஜும்: நான்கு வருட அனுபவம்

கிளட்சை விடும்போது வண்டி உதறுகிறது, பிளேட் மாற்றினால் சரியாகிவிடுமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவருடையதும் 1967–72 தலைமுறை செவர்லே சி-10 தான். பதில் நீண்டுவிட்டதால் முழுதாகவே எழுதிவிடுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் 1970 மாடல், 350 கன அங்குல எஞ்சின், நான்கு கியர், ஹைட்ராலிக் இல்லாத ராடு-லிவர் கிளட்ச் கொண்ட என் வண்டியைப் பற்றியது. நான்கு வருடத்தில் அதில் இரண்டு வகை மவுண்ட் (எஞ்சினைச் சேஸிஸில் தாங்கும் மெத்தை போன்ற பாகம்) ஓடியிருக்கிறது.

பிளேட்டைத் தொடாதீர்கள். முதலில் மவுண்டைப் பாருங்கள்.

பெடலிலிருந்து ஃபயர்வால் (எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் இடையிலான தடுப்பு) வழியாக இறங்கும் ராடு, எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே குறுக்காகக் கிடக்கும் ஒரு குழாயைத் திருப்புகிறது. அதுதான் இசட் பார். அதன் ஒரு முனை சேஸிஸில் உள்ள பால் ஸ்டட்டிலும் (உருண்டைத் தலை கொண்ட ஆணி) மறுமுனை எஞ்சின் பக்கத்து பால் ஸ்டட்டிலும் உட்கார்ந்திருக்கும். குழாயில் வெல்ட் செய்திருக்கும் இரண்டு கைகளில், கீழ்க்கையிலிருந்து போகும் சிறிய ராடு கிளட்சை விடுவிக்கும் போர்க்கைத் தள்ளும். சேஸிஸ் அசையாது, எஞ்சின் அசையும். கோளாறு முழுவதும் இந்த ஒரு அமைப்பிலேயே இருக்கிறது.

முன் கியரில் இழுக்கும்போது எஞ்சினின் இடப்பக்கம், அதாவது இந்த அமெரிக்க வண்டியில் டிரைவர் பக்கம், மேலே தூக்கும். இசட் பாரும் அதே பக்கம்தான். இடது மவுண்ட் கிழிந்திருந்தால் எஞ்சினோடு சேர்ந்து குழாயின் உள்முனையும் எழும். கால் அசையாமல் இருந்தாலும் போர்க் நகர்ந்துவிடும். பிடிக்கத் தொடங்கிய கிளட்ச் கொஞ்சம் விடும், இழுவை குறையும், எஞ்சின் கீழே இறங்கும், கிளட்ச் மறுபடி பிடிக்கும், எஞ்சின் மறுபடி எழும். ஒரு விநாடிக்குள் இது பலமுறை நடக்கிறது. நமக்குத் தெரிவது உதறல் மட்டும். புதுப் பிளேட் போட்டால் அது இன்னும் நன்றாகப் பிடிக்கும், உதறலும் கூடும். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் மாற்றிவிட்டு அதே உதறலோடு கடையிலிருந்து வெளியே வரும் வண்டிகளை நினைத்தால் கோபம்தான் வருகிறது. கியர்பாக்ஸை இறக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் அந்தச் செலவு தேவைப்பட்டிருக்காது.

சும்மா குனிந்து பார்த்து மவுண்ட் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எஞ்சின் எடையே கிழிசலை அழுத்தி மூடி வைத்திருக்கும். ஆயில் பேனுக்கு அடியில் அகலமான மரக்கட்டை வைத்து ஜாக்கியை மெதுவாக ஏற்றுங்கள். ரப்பர் இரும்புத் தகட்டை விட்டுப் பிரிந்து இடைவெளி தெரிந்தால் மவுண்ட் போய்விட்டது. இன்னொரு வழி: பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, டிரைவர் சீட்டில் இருப்பவரை கைபிரேக் போட்டு, பிரேக் பெடலையும் அழுத்திக்கொண்டு முதல் கியரில் கிளட்சை லேசாகப் பிடிக்க விடச் சொல்லுங்கள். பார்ப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது. எஞ்சின் ஒரு அங்குலம் எழுந்தால் சந்தேகமே வேண்டாம். ரிவர்ஸில் இதையே செய்தால் முறுக்கு திசை மாறி வலப்பக்கம் தூக்கும், வலது மவுண்டுக்கு அதுதான் சோதனை.

ரப்பரைக் கொல்வது பெரும்பாலும் எண்ணெய். வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்து மவுண்ட் மேல் சொட்டிக்கொண்டே இருந்தால் ரப்பர் ஊறி, பஞ்சு போலாகி, தகட்டிலிருந்து உரியும். கசிவை அடைக்காமல் புது மவுண்ட் போடுவது வீண் செலவு.

மாற்றும் வேலை கடினமானதல்ல. பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றுங்கள். ஆக்சிலரேட்டர் லிங்கேஜையும் இசட் பாரின் ராடுகளையும் விடுவியுங்கள். ஃபேன் இலை ரேடியேட்டர் ஷ்ரௌடில் இடிக்கும், டிஸ்டிரிபியூட்டர் ஃபயர்வாலில் இடிக்கும். எஞ்சினைத் தூக்கும்போது இந்த இரண்டு இடத்திலும் கண் இருக்க வேண்டும். மவுண்ட் வெளியே வரும் அளவு தூக்கினால் போதும். பிளாக்கில் பக்கத்துக்கு மூன்று 3/8 அங்குல போல்ட். புது மவுண்டுகளைக் கையால் மட்டும் முறுக்கி, எஞ்சினைத் தன் எடையில் உட்கார வைத்து, நான்கு பக்கமும் ஆட்டிவிட்டு, அதன்பிறகே இறுக்க வேண்டும். தூக்கிய நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையில் மாட்டிக்கொள்ளும், சில மாதங்களிலேயே மறுபடி கிழியும். பிளாக் போல்ட்டுக்கு சுமார் 35 அடி-பவுண்டு போதும். இடது, வலது, கியர்பாக்ஸ் மவுண்ட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். இடதை மட்டும் மாற்றினால் எஞ்சின் சாய்ந்து உட்காரும், இசட் பாரும் கூடவே சாயும். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள். ரப்பரில் மின்சாரம் போகாது.

இனி இசட் பார். மவுண்டை மாற்றி எஞ்சின் சரியான உயரத்துக்கு வந்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். தொய்ந்த மவுண்டோடு பெடலை அட்ஜஸ்ட் செய்தால் அந்த அளவு வேறொரு எஞ்சின் உயரத்துக்கானது.

குழாயை மேலிருந்தும் முன்னாலிருந்தும் பாருங்கள். சேஸிஸுக்கு நேர்கோணத்தில் குறுக்காகவும் படுக்கை மட்டமாகவும் இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் சேஸிஸ் பக்க பிராக்கெட்டின் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்துங்கள், போதாவிட்டால் வாஷர் கொடுங்கள். பால் ஸ்டட்டுக்கும் குழாய்க்கும் இடையே நைலான் புஷ் இருக்கும். அது உடைந்து இரும்போடு இரும்பு உரசினால் ஸ்டட் பாதியாகத் தேய்ந்திருக்கும், அப்போது புஷ்ஷை மட்டும் மாற்றிப் பயனில்லை. கைகள் குழாயோடு சேரும் வெல்டிங்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், விரிசல் அங்கேதான் தொடங்கும். ராடு மாட்டும் துளைகள் முட்டை வடிவமாகியிருந்தால் வெல்ட் வைத்து அடைத்து மறுபடி துளையிட வேண்டும். போர்க் பக்கம் ஒரு மில்லிமீட்டர் தேய்மானம் பெடலில் பல மில்லிமீட்டராகப் பெருகி வரும்.

புதிதாகச் செய்து விற்கும் இசட் பார்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, இரண்டு கைகளுக்கும் இடையிலான கோணத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வண்டிக்கு வந்த முதல் பாரில் கீழ்க்கை கொஞ்சம் முன்தள்ளி வெல்ட் செய்யப்பட்டிருந்தது. ராடை எவ்வளவு முறுக்கினாலும் கிளட்ச் முழுதாக விடவில்லை. பழைய பாரையே வெல்ட் செய்து போட்டதும் வேலை முடிந்தது.

அப்படியும் விடாவிட்டால் ரிலீஸ் பேரிங்கை, அதாவது போர்க் பிரஷர் பிளேட் மேல் தள்ளும் பேரிங்கை, அளக்க வேண்டும். செவர்லேவுக்கு 1¼ அங்குலம், 1⅞ அங்குலம் என்று இரண்டு நீளத்தில் வருகிறது. பிரஷர் பிளேட்டுக்குப் பொருந்தாத நீளம் உள்ளே இருந்தால் வெளியே எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் உதவாது. எல்லாம் சரியென்றால் ராடு நட்டைத் திருகி பெடலில் முக்கால் முதல் ஒரு அங்குலம் ஃப்ரீ ப்ளே (கிளட்சைத் தொடும் முன் பெடல் சும்மா நகரும் தூரம்) வைத்து லாக் நட்டை இறுக்குங்கள். பெடல் திரும்புவதற்கான ஸ்பிரிங் வலுவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அது சோர்ந்தால் பேரிங் எப்போதும் பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தொட்டுச் சுழன்றுகொண்டே இருக்கும்.

சரி, எந்த மவுண்ட்? முதல் இரண்டு வருடம் பாலியூரித்தேன், ரப்பரை விடக் கெட்டியான பிளாஸ்டிக் வகை. கிளட்சைப் பொறுத்தவரை அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எஞ்சின் எழவே இல்லை, உதறல் அன்றோடு நின்றது. இரண்டு வருடமும் ஃப்ரீ ப்ளே வைத்த இடத்திலேயே இருந்தது, லாக் நட்டில் ஸ்பேனர் வைக்கவே வேண்டியிருக்கவில்லை. எண்ணெய் சொட்டினாலும் அது ஊறவில்லை.

ஆனால் ஐட்லிங்கில் அந்த நடுக்கம்! சிக்னலில் நின்றால் பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி கலங்கித் தெரியும். டேஷ்போர்டு ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஸ்டீயரிங்கில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். ஐட்லிங்கைக் கொஞ்சம் கூட்டினால் குறையும், பெட்ரோல்தான் கூடுதலாகப் போகும். பழகிவிடும் என்று சொன்னவர்கள் உண்டு. இரண்டு வருடத்தில் பழகவில்லை.

பிறகு ரப்பர், ஆனால் உள்ளே இரும்புக் கொக்கி பின்னிய வகை. ரப்பர் முழுதாகக் கிழிந்தாலும் எஞ்சின் விட்டுக்கொண்டு மேலே எழாது. இது சாதாரண வசதி அல்ல. 1971 இறுதியில் இதே காரணத்துக்காக ஏறத்தாழ 67 லட்சம் செவர்லே கார்களும் சிறு டிரக்குகளும் திரும்ப அழைக்கப்பட்டன. மவுண்ட் அறுந்து எஞ்சின் எழுந்தால் ஆக்சிலரேட்டர் லிங்கேஜ் தானாக இழுபட்டுத் திறந்துகொள்ளும் என்பதுதான் அன்றைய ஆபத்து. அப்போது தீர்வாக எஞ்சினைக் கட்டிவைக்கும் ஒரு இரும்புக் கேபிளைப் போட்டுக் கொடுத்தார்கள். பழைய வகை மவுண்ட் இன்னும் இருக்கும் வண்டியில் அந்தக் கேபிள் இருந்தால் கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

ரப்பரில் குறை உண்டு. முதல் ஆயிரம் மைலுக்குள் கொஞ்சம் அமுங்கியது, ஃப்ரீ ப்ளே மாறியது, மறுபடி வைக்க வேண்டியிருந்தது. அதன்பின்னும் வருடத்துக்கு ஒருமுறை கால் திருகு கேட்கிறது. சரிவில் சுமையோடு ரிவர்ஸ் எடுக்கும்போது லேசான உதறல் இன்னமும் உண்டு. பாலியூரித்தேனில் அது சுத்தமாக இல்லை. உழைப்பு, கிளட்ச், பராமரிப்பு என்று எந்தக் கணக்கில் பார்த்தாலும் பாலியூரித்தேன்தான் முன்னே நிற்கும்.

இருந்தும் அந்த ஐட்லிங் நடுக்கத்துக்காகவே நண்பருக்குச் சொல்வது ரப்பர்தான். கொக்கி வைத்த ரப்பர் மவுண்ட் இரண்டு, கியர்பாக்ஸ் மவுண்ட் ஒன்று, இசட் பாருக்கு ஒரு செட் புஷ், வால்வ் கவர் கேஸ்கெட் ஒரு ஜோடி. பிளேட் அப்படியே இருக்கட்டும். ஆயிரம் மைல் ஓடியதும் லாக் நட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.