கன்னி நாய்க்கு மனுச வயசு: அந்த ஆப்புக்குக் காசு கொடுக்கலாமா?

நாய் வயசை மனுச வயசாக்கிச் சொல்லும் போன் ஆப் ஒன்றுக்கு வருசச் சந்தாவைக் குறைத்துவிட்டார்கள். "குட்டிக்குப் போட்டுரட்டுமா அத்தான்?" என்று சங்கரன்கோவிலிலிருந்து மச்சினன் கேட்கிறான். எங்கள் கன்னி இன வேட்டை நாய் மைனா குட்டியாக வந்த நாளிலிருந்து அது என் போனில் இருப்பதால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

ஏழால் பெருக்கும் பழைய கணக்கு அதில் இல்லை. முதல் வருசத்துக்கு 15, இரண்டாவதற்கு 9, அப்புறம் வருசத்துக்கு நாலோ ஐந்தோ, பெரிய நாய்க்கு அதற்குச் சற்று மேலோ, நாயின் உடம்பைப் பொறுத்து. இதுதான் முறை. ஒரு வயசில் நாய் குட்டியே போட்டுவிடும். அதை ஏழு வயசுப் பிள்ளை என்றால் பொருந்துமா? வெறிநாய்த் தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் நாள் தவறாமல் ஞாபகப்படுத்தும். அதற்கு மனசார நன்றி.

எரிச்சல் ஒன்றே ஒன்று. இனப் பட்டியலில் கன்னி கிடையாது. சிப்பிப்பாறை கிடையாது. 2005-ல் அரசாங்கம் தபால்தலை போட்ட ராஜபாளையம்கூடக் கிடையாது. சிவாவா இருக்கிறது, ஹஸ்கி இருக்கிறது. கயத்தாறு பக்கம் தலைமுறை தலைமுறையாக வளர்க்கிற நாயைக் 'கலப்பினம்' என்று போட எனக்குக் கை வரவில்லை.

பேர் மட்டும் என்றால் விட்டுவிடலாம், வயசே மாறுகிறது. மைனாவுக்கு ஒன்பது. வாகு ஒத்துப்போகிறதே என்று 'கிரேஹவுண்ட்' போட்டால் பெரிய நாய்க் கணக்கில் 61. 'கலப்பினம்' போட்டு எடையைக் கொடுத்தால், இருபது கிலோவுக்குக் கீழே என்பதால் நடுத்தரம், 56. நின்றால் பெரிய நாய், தராசில் ஏறினால் நடுத்தரம். கன்னியின் உடல்வாகே அப்படி. 2020-ல் அமெரிக்காவில் லேப்ரடார் நாய்களின் டி.என்.ஏ.வை வைத்து வெளியிட்ட சூத்திரத்தில், வயசின் இயல் மடக்கையை (கால்குலேட்டரில் ln) 16-ஆல் பெருக்கி 31 கூட்டினால், 66 வருகிறது. அது லேப்ரடாருக்கு வந்த கணக்கு, மைனாவுக்கு எந்த அளவுக்குச் செல்லும்?

இதில் 'கிரேஹவுண்ட்' போட்ட பாவத்துக்கு 'எடை குறைவு' என்று மாசாமாசம் எச்சரிக்கை வேறு. கன்னிக்குக் கடைசி விலா இரண்டு மூன்று தெரியத்தான் செய்யும். அது நோஞ்சான் இல்லை.

போன வாரம் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார், மேலப்பாளையம் சந்தையில் ஆட்டுக்குப் பார்ப்பதுபோல. கடைவாயில் மஞ்சளாகக் காரை படிந்திருந்தது. கண்ணில் டார்ச் அடித்தார். நீலம் பூத்தாற்போல் தெரிந்தது புரை இல்லையாம். வயசானால் லென்ஸ் அப்படி ஆகுமாம், பார்வைக்குப் பெரிய குறை வராதாம். "எடை சரியா இருக்கு. இனி வருசத்துக்கு ரெண்டு தடவ கூட்டிட்டு வாங்க, ரத்தமும் பாத்துருவோம்" என்றார். 56-ஆ 61-ஆ என்று நான் தவித்ததற்கு வேண்டிய பதில் இதுதான்.

மச்சினனுக்குச் சொல்லிவிட்டேன்: வாங்காதே. ஊசித் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள். நம்ம ஊர் நாய்கள் பட்டியலில் ஏறுகிற வரைக்கும் ஐந்துக்கு இரண்டுதான்.