பூட்டிய கோப்பாக விற்கப்படும் இசைப் பதிவுகள்: பணம் கட்டுமுன் படிக்கவும்

கச்சேரிப் பதிவுகளைத் தனித்தனியாக விலைக்கு விற்றுவந்த ஒரு செயலி சென்ற ஆண்டு தன் சேவையை நிறுத்திவிட்டது. பல மார்கழி சீசன்களில் நான் பணம் கொடுத்து வாங்கிச் சேர்த்த பதிவுகள் அத்தனையும் இப்போது என் கணினியில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றையும் திறக்க முடியவில்லை. இதே முறையில் விற்பவர்கள் இன்னும் இருப்பதால், மற்றவர்களும் ஏமாறாதிருக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் மாதச் சந்தா கட்டிக் கேட்டவன் அல்லன். ஒவ்வொரு கச்சேரிக்கும் தனி விலை, தனி ரசீது. ஒருமுறை பதிவிறக்கிக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். ஆனால், கோப்பு வழக்கமான எம்பி3 வடிவில் வரவில்லை. மறையாக்கம் செய்யப்பட்ட அந்தக் கோப்பு நம் கைக்கு வந்துவிடும். அதைத் திறக்கும் சாவி மட்டும் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். செயலி அவ்வப்போது சர்வரைத் தொடர்புகொண்டு, இந்தக் கணக்குக்கும் இந்தக் கருவிக்கும் அனுமதி உண்டா என்று கேட்டுச் சாவியைப் புதுப்பித்துக்கொள்ளும். சர்வர் நின்ற பிறகு புதுப்பிக்க வழியில்லை. குறுந்தகட்டில் எழுதிக்கொள்ளும் வசதியும் அந்தச் செயலியில் இருந்ததில்லை.

பூட்டில்லாத கோப்பைத் தாருங்கள், அல்லது பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதிக் கேட்டேன். நான் பெற்றது கேட்பதற்கான அனுமதி மட்டுமே, பதிவு என் உடைமை அல்ல என்று பதில் வந்தது. கூடவே, அவர்களுடைய வேறொரு சேவையில் பயன்படுத்திக்கொள்ள ஒரு தள்ளுபடிக் கூப்பனையும் அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தின் கடைசிப் பத்திதான் என்னை மிகவும் வருத்தியது. பூட்டைத் தாண்டிப் படியெடுப்பது இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம் என்று அதில் எச்சரித்திருந்தார்கள். உரிய விலை கொடுத்து வாங்கிய ஒருவரிடம் பேசும் முறை இதுவல்ல. மேலும், சட்டத்தின் பாதியை மட்டும் சொல்லி அச்சுறுத்துவது நேர்மையும் அல்ல.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52(1)(அ) பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகையை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. முன்பு இது இலக்கிய, நாடக, இசை, கலைப் படைப்புகளுக்கு மட்டும் பொருந்தியது. 2012-இல் செய்த திருத்தம், கணினி நிரல் தவிர்த்த எந்தப் படைப்புக்கும் அதை விரித்ததால், ஒலிப்பதிவும் இதற்குள் வந்துவிட்டது. அதே திருத்தத்தில் சேர்க்கப்பட்டதுதான் அவர்கள் சுட்டிக்காட்டிய 65அ பிரிவு. பூட்டை உடைத்தவரின் நோக்கம் பதிப்புரிமையை மீறுவதாக இருந்தால்தான் அப்பிரிவின்படி அது குற்றமாகும். இச்சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத ஒரு நோக்கத்துக்காகச் செய்யப்படுவதை அப்பிரிவு தடுக்காது என்று அதன் அடுத்த உட்பிரிவே கூறுகிறது. அத்தகைய நோக்கத்துக்காக இன்னொருவருக்கு உதவுபவர், அவருடைய பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைப் பதிவுசெய்து வைத்திருந்தால் போதும். 1998-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, பூட்டை உடைப்பதையே தடைசெய்தது. நம் சட்டம் அவ்வளவு கடுமையான வழியில் செல்லவில்லை. படியெடுத்து விற்பதும் இணையத்தில் ஏற்றுவதும் இங்கும் குற்றமே. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கலைஞர்களுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதால்தானே விலை கொடுத்து வாங்கினேன்.

இது புதிய கதையும் அல்ல. 2008-இல் மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்என் மியூசிக் கடையில் விற்ற பாடல்களுக்கு, அந்த ஆண்டு ஆகஸ்ட் 31-க்குப் பிறகு புதிய கணினிகளில் அனுமதி தர முடியாது என்று அறிவித்தது. எதிர்ப்பு வலுத்த பிறகே அந்தக் காலக்கெடுவை 2011 முடியும்வரை நீட்டித்தது. அதே 2008 செப்டம்பரில் யாஹூவும் தன் இசைக் கடையை மூடியபோது, பாடல்களைக் குறுந்தகட்டில் எழுதி வைத்துக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களுக்கு அறிவுறுத்தியது. ஆப்பிள் 2009-இல் பாடல்களுக்கான பூட்டை முற்றிலும் அகற்ற முடிவெடுத்தது. எனினும் முன்பே வாங்கியவர்கள், பூட்டற்ற பிரதியைப் பெற ஒரு பாடலுக்கு 30 சென்ட் கூடுதலாகச் செலுத்த வேண்டியிருந்தது. பூட்டில்லாமல் பாடல்களை விற்று வணிகம் நடத்த முடியும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்ட நிலையில், இன்றும் ஒரு நிறுவனம் பூட்டிய கோப்பை நிரந்தரமானது என்று சொல்லி விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே, பணம் கட்டுமுன் கோப்பு எந்த வடிவில் வரும் என்று கேளுங்கள். எம்பி3, ஃப்ளாக், வேவ் போன்ற பொது வடிவங்களில் கிடைத்தால், இயன்றவரை ஒரு பதிவை மட்டும் வாங்கி, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு செயலியில் அது ஒலிக்கிறதா என்று சோதியுங்கள். தங்கள் செயலியில் மட்டுமே திறக்கும் என்றால், சேவை நின்றால் என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். குறுந்தகடு கிடைக்குமானால் அதையே வாங்குங்கள்; வீட்டிலுள்ள பழைய தகடுகளிலிருந்து நான் எடுத்துவைத்த கோப்புகள் எந்த அனுமதியும் கேட்காமல் இன்றும் ஒலிக்கின்றன.

ஏற்கெனவே இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவுசெய்யலாம். அதில் தீர்வு கிடைக்காவிட்டால், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. நானும் அவ்வாறே மனு அளித்திருக்கிறேன். ரசீதுகள், நிறுவனம் அனுப்பிய கடிதங்கள், எப்போதும் கேட்கலாம் என்று எழுதியிருந்த விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை மனுவுடன் இணைக்க வேண்டும். சேவை நின்றதும் அந்தப் பக்கமும் மறைந்துவிடக்கூடும் என்பதால், வாங்கும் நாளிலேயே அதைச் சேமித்துக்கொள்ளுங்கள். மனு அளிப்பதற்கான காலவரம்பு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்.