பழைய 4க்கு 5 கேமரா வாங்கப் போறீங்களா, லென்ஸ் வளையத்துல என்ன எழுதியிருக்குனு படிச்சுட்டு பணம் போடுங்க

நாலு வருஷமா சேத்து வச்ச காசுல போன மாசம் ஒரு 4க்கு 5 ஃபீல்டு கேமரா செட் வாங்கினேன், நாலுக்கு அஞ்சு இன்ச் ஃபிலிம் ஷீட்ட ஒண்ணொண்ணா போட்டு எடுக்கற, மடிச்சு எடுத்துட்டுப் போற கேமரா. பழசுதான். பாடி, 90 எம்எம் லென்ஸ், ஆறு ஃபிலிம் ஹோல்டர், எல்லாம் சேத்து 1,10,000 ரூபா. வித்தவர் இதையே தொழிலா பண்றவர், பேர் சொல்ல விரும்பல. போன்லயே தெளிவா சொன்னேன், நான் எடுக்கறது கோயில், பழைய வீடு, மலை, அதனால மோனோரெயில் (ஒத்தக் கம்பி மேல நிக்கற, மடிக்க முடியாத கேமரா) வேணாம், மடிச்சு பையில போட்டு நடக்கற மாதிரி வேணும், லென்ஸ் நல்லா ரைஸ், அதாவது மேல ஏத்தறத, தாங்கணும்னு. "சார், ஷ்னைடர் சூப்பர் ஆங்குலான் போட்டு தரேன், கோபுரத்துக்கு வேற என்ன வேணும்"னார், நம்பி மொத்தத்தையும் அனுப்பிட்டேன்.

வீட்டு மாடியில நேரா வச்சு ரெண்டு ஷீட் எடுத்தேன், அருமையா வந்துச்சு. அப்புறம் ட்ரைபாடுக்கு அனுமதி எல்லாம் வாங்கிட்டு தஞ்சாவூர் போனேன். பெரிய கோயில் விமானம் 216 அடி, கேமராவ அண்ணாந்து வச்சா மேல போகப் போக குறுகி பின்னாடி சாஞ்ச மாதிரி விழும், அதுக்காகத்தானே இவ்வளவு காசு போட்டு இந்த கேமராவே வாங்கறது, பாடிய லெவல்ல வச்சுட்டு லென்ஸ மட்டும் மேல ஏத்தணும். துணிக்குள்ள தலைய விட்டுட்டு மெதுவா ஏத்தினேன். பின்னாடி படம் விழற கிரவுண்ட் கிளாஸ்ல எல்லாம் தலைகீழாதான் தெரியும், கலசம் கீழ இருக்கும், அந்த கீழ் ரெண்டு மூலையும் அப்படியே கறுத்துப் போச்சு. ஒரு சென்டிமீட்டர் கூட ஏத்தல. துணிதான் மறைக்குதோ, பெல்லோஸ் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல இருக்கற மடிப்பு உறை) மடிப்புதான் இடிக்குதோனு கால் மணி நேரம் எதையெதையோ நகத்திப் பாத்தேன். கடைசியில முன்னாடி வந்து லென்ஸ் வளையத்த படிச்சா ஆங்குலான், 1:6.8, அதாவது எஃப் 6.8. சூப்பர்ங்கற வார்த்தையே இல்ல.

பேர் ஒரே மாதிரி இருந்தாலும் ரெண்டும் வேற வேற லென்ஸ். சூப்பர் ஆங்குலான் 90 எம்எம் எஃப் 8, வெளிச்சம் வர்ற ஓட்டைய சுருக்கி வச்சா 216 மில்லிமீட்டர் வட்டத்துக்கு படம் போடும், 3 சென்டிமீட்டருக்கு மேலயே ஏத்தலாம். பழைய ஆங்குலானுக்கு அந்த வட்டம் 154 தான். 4க்கு 5 ஃபிலிம்ல படம் விழற பகுதியோட மூலைக்கு மூலை அளவே கிட்டத்தட்ட 153, அப்ப ஏத்தறதுக்கு இடம் எங்க இருக்கு? நேரா வச்சு மலை எடுக்க அது நல்ல லென்ஸ்தான், சின்னது, கனமே இல்ல, அத நான் குறை சொல்லல. ஆனா கட்டடம் எடுக்கறேன்னு சொன்னவன்கிட்ட இத அந்தப் பேர்ல வித்தது ஏமாத்து வேலை.

ஊருக்கு வந்ததும் சந்தேகத்துல இருட்டு ரூம்ல பெல்லோஸ முழுசா இழுத்து உள்ள டார்ச் அடிச்சேன். மடிப்பு மூலையில மூணு இடத்துல ஊசி முனை மாதிரி வெளிச்சம், அதுக்கு மேல கறுப்பு பெயின்ட் தடவி மறைச்சிருக்காங்க, நகத்தால சுரண்டினா உதிருது. இன்னும் பத்து தடவ இழுத்து மடிச்சா ஃபிலிம் பூரா புகை மூட்டம் போட்டிருக்கும்.

போன் பண்ணினா மொதல்ல "ரெண்டும் ஒண்ணுதான் சார்"னார், அப்புறம் "பழைய பொருள், ரிட்டர்ன் கிடையாது", அதுக்கப்புறம் பிளாக். பில்லும் தரல. ஆனா சூப்பர் ஆங்குலான்னு அவர் டைப் பண்ணின மெசேஜ் இருக்கு, அத வச்சு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிஞ்சிருக்கேன்.

வாங்கறவங்க கிரவுண்ட் கிளாஸ்ல மூலை வெட்டியிருந்தா லென்ஸ எஃப் 22க்கு சுருக்கி, வேணுங்கற அளவு ஏத்திட்டு, அந்த வெட்டு வழியா லென்ஸ பாருங்க. ஓட்டை முழுசா தெரியணும், பாதி கண்ணு மூடின மாதிரி தெரிஞ்சா அந்த மூலைக்கு வெளிச்சம் போகாது. நேர்ல போக முடியலேன்னா லென்ஸ் வளையத்தோட க்ளோசப் கேளுங்க. நேத்து அவர் இன்னொரு செட் விளம்பரம் போட்டிருக்கார், அதே சூப்பர் ஆங்குலான்னு எழுதி, ஃபோட்டோவுல வளையம் மட்டும் தெரியாம.